பென்சில் உறை தகராறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் புதுத்துணிக்கே சரியாகப் போய்விடும். மற்ற மாதங்களில் என் மேசைக்கு வருவதில் பாதி பழுது வேலை. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சாமான், உடுப்பில் மாட்டும் பென்சில் உறை. தச்சு வேலை செய்பவர்கள் இடுப்பு வாரில் கோத்திருக்கும் தோல் உறை, எல்பில், ஹீவுட் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் தண்டல்கள் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்கள்) கால்சட்டையில் வைத்துத் தைக்கச் சொல்லும் கித்தான் உறை, சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டுவது, பள்ளிப் பிள்ளைகள் ஊக்கு குத்திக்கொள்ளும் துணி உறை என்று எல்லாம் வரும்.

வருகிறவர்கள் எல்லாரும் உறையைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை, பத்தில் ஏழெட்டுக்கு உறை நன்றாகத்தான் இருக்கும். அது தொங்கும் துணியிலோ, உள்ளே போகும் பென்சிலிலோதான் கோளாறு. அதனால் புது உறை வாங்கும் முன் கீழே உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

பென்சில் நழுவி விழுகிறது

முதலில் ஒரு சோதனை. உறையை உடுப்பிலிருந்து கழற்றி, தினமும் வைக்கும் அதே பென்சிலை உள்ளே விட்டு, கட்டில் மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து மூன்று முறை ஆட்டுங்கள். மூடி இருந்தால் திறந்து வைத்தே ஆட்டுங்கள். தைத்த உறை என்றால் உடுப்போடு சேர்த்துப் பிடித்தால் போதும்.

*ஆட்டியதும் விழுந்துவிட்டால்*

பென்சிலை அளந்து பாருங்கள். சீவாத புதுப் பென்சில் பதினேழரை முதல் பத்தொன்பது சென்டிமீட்டர் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு உறைக்குள்ளும் ஒரு பங்கு வெளியிலும் இருந்தால்தான் பிடிப்பு நிற்கும். சீவிச் சீவிப் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த பென்சிலை ஆழமான உறையில் போட்டால் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், குனிந்ததும் கொட்டிவிடும். குட்டைப் பென்சிலை வீட்டுக்கு விட்டுவிட்டு வேலைக்கு நீளமானதை எடுத்துப் போங்கள். ஒரு காசு செலவில்லை.

அடுத்து வடிவம். சாதாரணப் பென்சில் 7 மில்லிமீட்டர் கனம், ஆறு பட்டை. தச்சர் பென்சில் தட்டையானது, அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கிட்ட வரும், கனம் அதில் பாதி. தட்டைப் பென்சிலுக்கு வெட்டின உறையில் ஆறு பட்டைப் பென்சிலை வைத்தால் இரண்டு பக்கமும் காற்றுதான். இரண்டு வகையும் வேண்டும் என்றால் உறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டு இரண்டு அறையாக்கிக்கொள்ளுங்கள். கையாலேயே போடலாம், பின்தையல் போதும்.

பென்சில் சரி, வாய் தளர்ந்திருக்கிறதா? எலாஸ்டிக் வைத்த உறை என்றால் எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்கு வந்தால் நல்லது. அலையலையாகச் சுருண்டு அப்படியே நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. வியர்வையும் இஸ்திரிப் பெட்டிச் சூடும்தான் அதைக் கொல்கின்றன. கடையில் மாற்றித் தைக்கும் வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். பழைய சைக்கிள் டியூபைக் குறுக்காக ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். அதை உறையின் வாயைச் சுற்றி வெளியே மாட்டுங்கள். பெரிதாக இருந்தால் இரண்டு சுற்று. டியூப் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், மழையில் நனைந்தாலும் கெடாது. தற்காலிகமாக என்று போட்டுக்கொடுத்த வளையத்தை ஒரு வருஷம் கழித்தும் கழற்றாமல் வைத்திருக்கும் அண்ணன்மார் உண்டு.

தோல் உறை விரிந்துபோயிருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனையவிட்டு, பென்சிலைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, வாயைச் சுற்றித் துணிக் கிளிப்புகள் போட்டு நிழலில் காயவையுங்கள். இரண்டு நாள் ஆகும். காய்ந்த தோல் பென்சிலின் உருவத்துக்கு அமைந்துவிடும். கெட்டியான, சாயப்பூச்சு இல்லாத, மரப்பட்டைச் சாற்றில் பதம்செய்த தோலுக்குத்தான் இது பலிக்கும். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தோல் என்று சொல்லி விற்கும் ரெக்சினை நனைத்தால் பூச்சு உரிந்துவிடும். வித்தியாசம் தெரியாவிட்டால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ரெக்சினில் துணி இழை தெரியும், தோலில் சதை போன்ற நார் தெரியும்.

*ஆட்டினால் விழவில்லை, வேலையில்தான் விழுகிறது என்றால்*

உறையில் கோளாறே இல்லை, மாட்டின இடம் தப்பு. கண்ணாடி முன் நின்று, வேலையில் எப்படிக் குனிவீர்களோ அப்படிக் குனிந்து பாருங்கள். சட்டைப் பையில் மாட்டியிருந்தால் பையின் வாய் தரையைப் பார்க்கும். தொடையில் தைத்திருந்தால் குந்தி உட்காரும்போது படுத்துவிடும். குனிந்தாலும் குந்தினாலும் அதிகம் சாயாத இடம் இடுப்பு வாரின் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி. கிளிப் உறையை அங்கே மாற்றி ஒரு வாரம் பாருங்கள். ஏணி ஏறுகிறவர்களுக்கு இடமாற்றம் மட்டும் போதாது, வாய்க்குக் குறுக்கே ஒரு மூடியோ பட்டையோ வைத்தாக வேண்டும். உயரத்திலிருந்து விழும் பென்சில் கீழே நிற்பவர் தலையில் முனை முதலாகவும் இறங்கலாம்.

உறையே கழன்று போகிறது

கிளிப் வகை என்றால் ஒரு தாளை கிளிப்பில் செருகி இழுங்கள். தாள் தடையில்லாமல் வழுக்கி வந்தால் கிளிப் வாய் விரிந்துவிட்டது. எஃகுக் கிளிப் என்றால் குறட்டால் மெதுவாக நெருக்கலாம். பிளாஸ்டிக் கிளிப்பை நெருக்க முயலாதீர்கள், ஒடியும். தாள் பிடிபட்டும் துணியில் நிற்கவில்லை என்றால் துணி மெலிசு. அந்த இடத்தை இரண்டாக மடித்துத் தைத்துவிட்டு மாட்டுங்கள்.

இடுப்பு வார் வகையில் அளவுதான் விஷயம். வார் ஒன்றேகால் அங்குலம், உறையின் வளையம் இரண்டு அங்குலம் என்றால் உறை ஊஞ்சலாடும், ஆடி ஆடி வளையத்தின் தையல் பிரியும். வளையத்தின் மேல்பக்கம் வாருக்கு நெருக்கமாக ஒரு தையல் போட்டால் முடிந்தது. ரிவெட் பிடுங்கி வந்திருந்தால் மட்டும் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். வீட்டில் சுத்தியலால் அடித்து ரிவெட் போட்டுத் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

உறை மாட்டிய இடத்தில் சட்டை கிழிகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு வரும் பழுதுகளில் இதுதான் அதிகம், புது உறை வாங்கித் தீராததும் இதுதான்.

வயதான தச்சர் ஒருவர் காக்கிச் சட்டையோடு வந்தார். “அம்மா, மூணாவது உறை இது. எதை வாங்குனாலும் சட்டையத் திங்குது. உறையத் திருத்திக் குடுங்க.”

“உறை இருக்கட்டும் ஐயா, சட்டையக் கழட்டிக் குடுங்க,” என்றேன்.

சட்டைப் பையின் இடது மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். நேராகக் கிழியவில்லை, மூலை மடங்கி ‘ட’ போல இருந்தது. துணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். கிழிசலைச் சுற்றி ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்கு நெசவு வலைபோல் மெலிந்து, வெளிச்சம் பொடிப்பொடியாக இந்தப் பக்கம் வந்தது. கிளிப்பின் பல் பதிந்த இரண்டு புள்ளிகள் மட்டும் முழு ஓட்டை. பையின் மற்ற மூலையில் துணி புதுசு போலக் கெட்டியாக இருந்தது. ஒரே இடத்தில் பல மாதம் கிளிப் போட்டு எடுத்திருக்கிறார். புது உறை மாட்டியபோதும் அதே மெலிந்த மூலையில்தான் மாட்டியிருக்கிறார்.

ஆக, முதல் சோதனை இந்த வெளிச்சச் சோதனைதான். உங்கள் சட்டையையும் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

*துணி கெட்டி, தையல் மட்டும் பிரிந்திருந்தால்* ஐந்து நிமிட வேலை. பழைய நூலை முழுக்க உருவிவிட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே திரும்பத் தையுங்கள். பாலியெஸ்டர் நூல் வாங்குங்கள். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் ஊறி ஊறி இற்றுவிடும், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே. பையின் இரண்டு மேல் மூலைகளிலும் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு நெருக்கமாக ஒரு கட்டுத் தையல் போடுங்கள். கிளிப்பின் பாரம் முழுவதும் இறங்குவது அந்த மூலைகளில்தான்.

*வெளிச்சம் வலைபோல் வந்தால்* மேலே தைத்துப் பயனில்லை. மெலிந்த துணியில் எத்தனை தையல் போடுகிறீர்களோ அத்தனை ஓட்டை. உள்பக்கம் அடித்துணி வைக்க வேண்டும். மெலிந்த இடத்தைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல் அதிகமாக வெட்டுங்கள், ஓரம் கெட்டித் துணிமேல் உட்கார வேண்டும். பழைய ஜீன்ஸ் துண்டு சட்டைக்குக் கனம் அதிகம், பழைய காக்கியோ படுக்கை விரிப்போ சரி. புதுத்துணி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு வையுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கிச் சட்டையையும் இழுத்துக்கொள்ளும். இழை ஓடும் திசை சட்டையின் திசையோடு ஒத்திருக்கட்டும். மிஷினில் தைத்தால் சட்டைத் துணிக்கு 14 நம்பர் ஊசி, கித்தானுக்கு 16, தோலுக்கோ பல மடிப்பு ஜீன்ஸுக்கோ 18.

தோல் உறையைத் துணியில் வைத்துத் தைக்கும்போது ஒரு தப்பு நடக்கும். உறுதியாக இருக்கட்டும் என்று பொடித் தையலாகப் போடுவார்கள். தோலில் பொடித் தையல் தபால் தலை ஓரம் மாதிரி, அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். தையலுக்குத் தையல் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

*இரண்டு கட்டைவிரலால் இழுத்தாலே துணி பிளந்தால்* அந்தச் சட்டை உறை தாங்காது. என்னிடம் கொண்டுவந்தாலும் இதைத்தான் சொல்வேன், காசு வாங்கித் தைத்துத் தரமாட்டேன். உறையை இடுப்பு வாருக்கு மாற்றுங்கள். அந்தத் தச்சருக்கு அடித்துணி வைத்துக் கொடுத்தேன், கிளிப்பை நீக்கி உறைக்கு வார் வளையமும் தைத்துக் கொடுத்தேன். சட்டைப் பை இப்போது மூக்குக் கண்ணாடிக்கு.

முனை அடிக்கடி உடைகிறது

சீவிப் பாருங்கள். சீவியதும் உடைகிறது, திரும்பச் சீவினால் ஒரு சென்டிமீட்டரில் மறுபடி துண்டாக வருகிறது என்றால் உள்ளே கரி பல இடத்தில் முறிந்திருக்கிறது. பென்சில் எப்போதோ தரையில் விழுந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, கீழே விழாத வேறு பென்சிலை வைத்து ஒரு வாரம் பார்த்த பிறகுதான் உறையைச் சந்தேகப்பட வேண்டும்.

புதுப் பென்சிலும் உடைந்தால் உறையின் அடியைத் தொட்டுப் பாருங்கள். அடியில் ரிவெட் தலையோ கெட்டித் தையலோ இருந்தால் முனை ஒவ்வொரு முறையும் அதில் மோதும். பழைய கம்பளித் துணியையோ பஞ்சையோ சிறு உருண்டையாக்கி அடியில் போடுங்கள். அடியில் ஓட்டை விட்ட உறை என்றால் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், உட்காரும்போது நாற்காலியில் இடித்து உடையும்.

சீவும் விதமும் உண்டு. ஊசிபோலச் சீவின முனை எந்த உறையிலும் நிற்காது. தச்சர் பென்சிலைக் கத்தியால் உளிபோல் தட்டையாகச் சீவினால் கோடும் மெல்லிசாக வரும், முனையும் நிற்கும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) புறவய வினாத்தாளுக்குப் பிள்ளைகள் கொண்டுபோகும் 2பி பென்சில், எச்பியைவிட மென்மை. அதற்கு ஒரு மூடி போட்டே உறையில் வையுங்கள்.

முனை உடம்பில் குத்துகிறது

இது மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாதது.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் தொடை உறையில் நடக்கும். நிற்கும்போது தெரியாது, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்ததும் உறையின் அடி தொடையில் அழுந்தும். உடுப்பைப் போட்டு, உட்கார்ந்து, உறையின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். முனை தட்டுப்பட்டால் அடியில் இரண்டு மடிப்புத் தோல் வைத்துத் தைக்க வேண்டும், அல்லது உறையைத் தொடையின் வெளிப்பக்கத் தையல் கோட்டுக்கு நகர்த்த வேண்டும்.

பிள்ளைகள் உறையில் முனை எப்போதும் கீழே. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில், குனியும்போது கண்ணுக்கு நேரே வருகிறது. நெஞ்சில் ஊக்கு குத்தி மாட்டும் உறையை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் தைத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். கேட்டு வரும் தாய்மாரிடம், “இடுப்புல வச்சுத் தைக்கிறேன் கண்ணு, முனைக்கு மூடியும் போட்டுக் குடுக்கிறேன்,” என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பேன். ஓடிப் பிடித்து விளையாடும் நேரத்தில் உறையைக் கழற்றிவிடச் சொல்லிப் பழக்குங்கள்.

குத்திவிட்டால்: சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பென்சில் கரி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது, ஈயம் இல்லை, அதனால் விஷம் ஏறும் என்று பயப்பட வேண்டாம். தோலுக்கடியில் கருநீலப் புள்ளி ஒன்று வருஷக்கணக்கில் நிற்கலாம், அதுவும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முனை உள்ளே ஒடிந்து ஆழமாக நின்றாலோ, காயம் வீங்கிச் சிவந்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள். ஊசியால் தோண்டாதீர்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ குத்தினால் தேய்க்காமல், கழுவிக்கொண்டு காலம் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரி. பென்சில் துண்டு நின்றுகொண்டிருந்தால் பிடுங்கவும் கூடாது.

சட்டையில் கரிக்கறை

தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பரவும். முதலில் துணியை உதறுங்கள், பிறகு சுத்தமான அழிப்பானால் ஒரே திசையில் துடைத்தெடுங்கள். மீதிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, விரல் நுனியால் தடவி அலசுங்கள். கறை போகும்வரை இஸ்திரி போட வேண்டாம்.

கறை உறையின் வாய்ப் பக்கம் என்றால் பென்சிலைத் தலைகீழாக வைக்கிறீர்கள். அடிப் பக்கம் என்றால் கித்தான் வழியாகக் கரி கசிகிறது, உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வையுங்கள். கறை ஊதாவாக இருந்தால் அது கரியே இல்லை. அந்தக் காலத்துக் கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்) ஆபீஸில் வைத்திருந்த மைப்பென்சில், ஈரம் பட்டால் சாயம் விடும் வகை. அந்தக் கறைக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம், சலவைக்காரரிடம் கொடுங்கள்.

பூஞ்சணம், துரு, பூட்டாத பட்டன்

தோல் உறை வெள்ளை பூத்தால் வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பிரஷால் தட்டித் துடைத்து, லேசான ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் மெழுகோ ஷூ பாலிஷோ மெலிதாகப் பூசுங்கள். மழையில் நனைந்த உறையை மோட்டார் பெட்டிக்குள் இரவெல்லாம் வைப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

பிரஸ் பட்டன் “டிக்” என்று சத்தம் போட்டுப் பூட்ட வேண்டும். சத்தம் வந்தும் தானாகத் திறந்தால் உள்ளே துணி மடிப்பு சிக்கியிருக்கும். சத்தமே வரவில்லை என்றால் வாங்கும் பக்கத்தின் ஸ்பிரிங் விரிந்துவிட்டது, அல்லது துரு பிடித்திருக்கிறது. துருவையும் அழுக்கையும் துடைத்தெடுத்து ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் பட்டனை மாற்ற வேண்டியதுதான், பித்தளைப் பட்டன் கேளுங்கள். அச்சு வைத்து அடிக்கும் கருவி பல தையல் கடைகளில் இருக்கும், நின்று வாங்கிப் போகலாம்.

கடைக்குக் கொண்டு வரும்போது

உறையை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். தினமும் உடுத்தும் சட்டையோ கால்சட்டையோ, இடுப்பு வார், வேலைக்கு வைக்கும் அதே பென்சில், மூன்றும் வரட்டும். உடுப்பைத் துவைத்துக் கொண்டுவாருங்கள், இஸ்திரி மட்டும் வேண்டாம். இஸ்திரி போட்டால் துணி எந்தப் பக்கம் இழுபட்டது என்ற சுருக்கம் மறைந்துவிடும். எனக்கு முதலில் வேண்டியது அந்தச் சுருக்கம்தான்.